இரவு எட்டு மணிக்கு ஏறும் பிங்: காசு செலவழிக்கும் முன் அளந்து பாருங்கள்

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அண்ணா, வீட்டில் 4ஜி ரவுட்டர். வலரண்ட் விளையாடுகிறேன். பகலில் பிங் 75 மாதிரி நிற்கும். இரவு ஏழரை, எட்டுக்குப் பிறகு 250, 300 என்று ஏறுகிறது. ஆள் அப்படியே நின்றுவிட்டுத் திடீரென்று வேறு இடத்தில் நிற்கிறான். சிக்னல் நாலு கோடு காட்டுகிறது, ஸ்பீட் டெஸ்டில் 18 எம்பிபிஎஸ் வருகிறது. மூடுபனிதான் காரணம் என்று கூட்டாளிமார் சொல்கிறார்கள். பெரிய பெக்கேஜுக்கு மாறவா, புது ரவுட்டர் வாங்கவா?”

தம்பி, இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். உங்கள் கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. பகலில் 75 தருகிற இணைப்பு கெட்ட இணைப்பு இல்லை. அதே ரவுட்டர், அதே சிம், அதே கேம். இரவில் மட்டும் கெடுகிறது என்றால் வழியில் எங்கோ நெரிசல். அந்த இடம் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம், எதிர்மலை டவரிலும் இருக்கலாம். எது என்று தெரியாமல் பெக்கேஜை மாற்றினால் மாதாமாதம் காசு போகும், பிங் அங்கேயே நிற்கும்.

முதலில் ஸ்பீட் டெஸ்டை மறந்துவிடுங்கள். வலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக், டோட்டா மாதிரிக் கேம்கள் ஓடும்போது 1 எம்பிபிஎஸ் கூட முழுதாகத் தேவைப்படாது. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், எந்தப் பக்கம் சுட்டீர்கள் என்ற சின்னச் சின்னத் தகவல்தான் போய் வருகிறது. 18 போதாதென்று 50க்கு மாறினால் கேம் அப்டேட் சீக்கிரம் இறங்கும், அவ்வளவுதான். கேமுக்கு வேண்டியது வேறு. தகவல் போய்த் திரும்ப எடுக்கும் நேரம் குறைவாக இருக்க வேண்டும், அதுதான் பிங்; அதை மில்லிசெக்கனில், அதாவது செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கில், அளப்பார்கள். அந்த நேரம் ஏறி இறங்காமல் ஒரே மாதிரி இருக்க வேண்டும். வழியில் எதுவும் தொலையக் கூடாது. ஆள் நின்று பாய்கிறான் என்கிறீர்களே, அது பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டின் வேலை. 110இல் அசையாமல் நிற்கும் பிங்கோடு தாராளமாக விளையாடலாம். 60க்கும் 300க்கும் நடுவில் குதிக்கும் பிங்கோடு யாராலும் முடியாது.

இன்னொன்றையும் ஒதுக்கிவிடுவோம். லேக் என்று சொல்வதெல்லாம் இன்டர்நெட் கோளாறு இல்லை. லெப்டொப் திணறினாலும் படம் விட்டு விட்டு ஓடும். வலரண்ட் செட்டிங்ஸில் வீடியோ பகுதிக்குள் ஸ்டாட்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அதில் எஃப்பிஎஸ் (செக்கனுக்கு எத்தனை படம்), நெட்வொர்க் ஆர்டிடி (இதுதான் பிங்), பெக்கெட் லொஸ் (வழியில் தொலைந்த தகவல்) மூன்றையும் திரையில் தெரியும்படி போட்டுவிடுங்கள். படம் தடுக்கும் நேரத்தில் எஃப்பிஎஸ் விழுந்தால் கோளாறு கணினியில். சார்ஜரைச் செருகியிருக்கிறீர்களா, பின்னால் வேறு ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள். எஃப்பிஎஸ் அப்படியே நிற்க ஆர்டிடி ஏறினால் தொடர்ந்து வாசியுங்கள்.

உங்கள் கணினியிலிருந்து கேம் சேர்வர் வரை உள்ள வழியை நாலு துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: கணினியிலிருந்து ரவுட்டர், ரவுட்டரிலிருந்து டவர், டவரிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து கடல் தாண்டி சேர்வர். பிங் எந்தத் துண்டில் ஏறுகிறது என்று கண்டுபிடிக்கக் காசு வேண்டாம். விண்டோஸில் கமாண்ட் ப்ரொம்ப்டைத் திறந்து, ஆங்கிலத்தில் பிங் என்று அடித்து, ஓர் இடம் விட்டு ரவுட்டரின் முகவரியை அடியுங்கள். பல 4ஜி ரவுட்டர்களில் அது 192.168.8.1, சிலவற்றில் 192.168.1.1. ரவுட்டருக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்தால் தெரியும். அதற்குப் பின்னால் ஓர் இடம் விட்டு, ஒரு சிறு கோடும் அதோடு ஒட்டி ‘டி’ எழுத்தும் போட்டால், நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். இதே மாதிரி இன்னொரு விண்டோவில் கூகுளின் 8.8.8.8 முகவரிக்கு ஓட விடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு இரவு எட்டரைக்கு ஒரு மெட்ச் ஆடுங்கள். முடிந்ததும் கண்ட்ரோலையும் ‘சி’யையும் சேர்த்து அழுத்தினால், குறைந்தது எவ்வளவு, கூடியது எவ்வளவு, எத்தனை தொலைந்தது என்று கணக்கு வரும். அடுத்த நாள் காலையில் இன்னொரு தடவை செய்து இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ரவுட்டருக்குப் போகும் பிங் கேபிளில் 1 மில்லிசெக்கன் அளவில்தான் இருக்க வேண்டும். வைஃபையில் 2, 5 என்று வரும், எப்போதாவது 10 தொடும். அங்கேயே 80, 150 என்று குதித்தால் கம்பனியைத் திட்டிப் பிரயோசனமில்லை. கோளாறு உங்கள் வீட்டு வைஃபையில். லயத்து வீடுகளில் இது சர்வசாதாரணம். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், வீட்டுக்கு ஒரு ரவுட்டர், போதாததற்கு ஆளாளுக்குப் போனில் ஹொட்ஸ்பொட். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல் மூன்றுதான்: 1, 6, 11. வரிசையில் எட்டுப் பத்து வீடு இருந்தால் மோதாமல் எப்படி இருக்கும்? இரவில் எல்லாரும் வீட்டில் இருக்கும்போது இந்த மோதலும் கூடும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் அதற்கு மாறுங்கள். அதைவிட நல்லது ஒரு லேன் கேபிள். கெட் 5ஈ வகை போதும், 100 மீட்டர் வரை தாங்கும். ரவுட்டர் முன்னறை ஜன்னலில், கணினி உள்ளறையில் என்றாலும் கூரை ஓரமாக இழுத்துவிடலாம். இந்தப் பதிலில் நான் சொல்லும் செலவுகளில் உறுதியாகப் பலன் தருவது இது ஒன்றுதான்.

சரி, ரவுட்டர் வரை 1, 2 என்று சுத்தமாக இருக்கிறது, 8.8.8.8க்குப் போவதுதான் 300க்கு ஏறுகிறது என்று வைப்போம். உடனே டவர்மேல் பழி போடாதீர்கள். எட்டரை மணிக்கு உங்கள் வீட்டில் வேறு யார் இணைப்பைப் பயன்படுத்துகிறார்கள்? அம்மா யூடியூபில் நாடகம் பார்ப்பார். கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் லீவில் வந்திருந்தால் அவர் போனில் எடுத்த படமெல்லாம், வைஃபை கிடைத்ததும் யாருக்கும் தெரியாமல் கூகுள் போட்டோஸுக்கு ஏறத் தொடங்கும். இந்த ஏற்றம்தான், அதாவது அப்லோட், கேமுக்கு எமன். 4ஜி-யில் மேலே அனுப்பும் வழி கீழே இறங்கும் வழியைவிட ஒடுக்கம். பெரிய ஃபைல் ஒன்று அதில் ஏறும்போது ரவுட்டர் எதையும் வீசாமல் வரிசையில் போட்டு வைத்துக்கொள்கிறது. உங்கள் கேமின் சின்னத் தகவலும் அந்த வரிசையில்தான் நிற்க வேண்டும். கினிகத்தேனை வளைவுகளில் கொழுந்து லொறிக்குப் பின்னால் மாட்டிய மோட்டார் சைக்கிளின் நிலைமைதான். சைக்கிளில் எவ்வளவு வேகம் இருந்தும் என்ன? இதற்கு பஃபர்புளோட் என்று பெயர்.

சோதிப்பது எளிது. பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே வீட்டில் எல்லாப் போன்களிலும் ஐந்து நிமிடம் வைஃபையை அணைக்கச் சொல்லுங்கள். சண்டை வரும், பரவாயில்லை. 300 கிடுகிடுவென்று 80க்கு இறங்கினால் டவருக்கும் உங்கள் கஷ்டத்துக்கும் சம்பந்தமில்லை. போன்களில் படங்களின் பேக்கப்பையும் வட்ஸ்அப் பேக்கப்பையும் நள்ளிரவுக்குப் பின் ஓட விடுங்கள். இரவு நேர டேட்டா தனியாகத் தரும் பெக்கேஜ் என்றால் அதற்கும் நல்லதாகப் போகும். கணினியில் ஸ்டீம் அப்டேட், விண்டோஸ் அப்டேட் இரண்டையும் விளையாடும் நேரத்தில் நிறுத்துங்கள். விண்டோஸில் டெலிவரி ஒப்டிமைசேஷன் என்று ஒன்று, நீங்கள் இறக்கிய அப்டேட்டை ஊராருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கலாம், அதையும் அணைத்துவிடுங்கள்.

அம்மாவின் நாடகத்தை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. அதற்கு வழி ரவுட்டரில் வேகத்துக்கு வரம்பு போடுவது. இரவில் உண்மையாக 10 எம்பிபிஎஸ் வருகிறதென்றால் மொத்தத்தையும் 7, 8க்கு மட்டுப்படுத்தினால் வரிசை உங்கள் ரவுட்டரிலேயே கட்டுக்குள் நிற்கும். கம்பனி கொடுக்கும் ரவுட்டர்கள் பலவற்றில் இதற்கென்று கியூஓஎஸ் என்று ஒரு பெயர்தான் இருக்கும், வேலை செய்யாது. ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளைப் போடக்கூடிய பழைய ரவுட்டர் ஒன்று கிடைத்தால் அதில் எஸ்கியூஎம் என்ற, வரிசையைக் கட்டுப்படுத்தும் வசதியைப் போட்டு நடுவில் வைக்கலாம். 4ஜி-யின் வேகம் மணிக்கு மணி மாறுவதால் வரம்பைக் கொஞ்சம் தாழ்த்தியே வைக்க வேண்டும்.

எல்லாப் போன்களும் அணைந்த பிறகும் 250 அப்படியே நிற்கிறதா? அப்படியானால் பெரும்பாலும் டவர்தான். உங்கள் நாலு கோடு இங்கே உதவாது. கோடு காட்டுவது டவரின் சத்தம் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை மட்டும். அது தெளிவாகக் கேட்கிறதா, அந்த டவரைப் பிடித்துக்கொண்டு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று காட்டாது. பிரௌசரில் ரவுட்டரின் முகவரியை அடித்து உள்ளே போனால், சிக்னல் அல்லது டிவைஸ் இன்பர்மேஷன் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் என்று இரண்டு எண்கள் இருக்கும். ஆர்எஸ்ஆர்பி பலம்: மைனஸ் 85 நல்லது, மைனஸ் 110 மோசம். எஸ்ஐஎன்ஆர் தெளிவு: 15க்கு மேலே நல்லது, 5க்குக் கீழே போனால் கேம் ஆடுவது கஷ்டம். மலைநாட்டில் பலம் நன்றாக இருந்து தெளிவு கெட்டிருப்பதை அடிக்கடி பார்க்கலாம். காரணம் நம் நிலம். பள்ளத்தில் இருக்கிற வீட்டுக்கு ஒரு டவர் தெரிந்தாலே பெரிய காரியம். மேட்டு லயத்துக்கோ நாலு பக்க டவரும் தெரியும். எல்லாம் ஏறக்குறைய ஒரே பலத்தில் கேட்டால் ஒன்றின் பேச்சு மற்றதற்கு இரைச்சல். ரவுட்டரும் எதைப் பிடிப்பதென்று தெரியாமல் இதிலிருந்து அதற்கு, அதிலிருந்து இதற்கு என்று தாவிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தாவலுக்கும் உங்கள் ஆள் ஒரு கணம் உறைந்து நிற்பான்.

அந்தப் பக்கத்திலேயே செல் ஐடி என்றும் ஓர் எண் இருக்கும்; ரவுட்டர் இப்போது பிடித்திருக்கும் டவரின் அடையாளம் அது. பத்து நிமிடம் விட்டுவிட்டுப் பாருங்கள். மாறிக்கொண்டே இருந்தால் தாவல் நடக்கிறது. ரவுட்டரை அலுமாரிக்கு மேலே, தகரக் கூரைக்கு ஒட்ட வைத்திருந்தால் முதலில் அதைக் கீழே இறக்குங்கள். உயரம் நல்லது என்று நினைத்து வைப்பார்கள். தகரம் சிக்னலைத் தடுக்கும், தெறிக்கவும் வைக்கும். ஒவ்வொரு ஜன்னலிலும் வைத்து இரண்டு நிமிடம் பொறுத்து எஸ்ஐஎன்ஆர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்து டவர்களை வீட்டுச் சுவரே மறைத்து, முன்னால் ஒன்றே ஒன்று மட்டும் தெரியும் ஜன்னல்தான் வேண்டும். கோடு குறைந்து தெளிவு கூடினால் தயங்காமல் அங்கேயே வையுங்கள். ரவுட்டரில் பாண்ட், அதாவது அலைவரிசை, தேர்வு செய்ய விட்டால் ஒவ்வொன்றாகப் பூட்டி இரவில் ஆடிப் பாருங்கள். பகலில் வேகமான பாண்டில் இரவில் எல்லாரும் கூடியிருப்பார்கள். அடுத்த பாண்ட் மெதுவானது என்றாலும் காலியாக இருக்கும். கேமுக்குக் காலியானதுதான் தேவை.

மூடுபனி கதைக்கு வருகிறேன். நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் எது நடந்தாலும் பனிமேல் போடுவது நம் பழக்கம். 4ஜி ஓடும் 900, 1800 மெகாஹெர்ட்ஸ் அலைகளுக்குப் பனி ஒரு பொருட்டே இல்லை. மழையும் நேரடியாகப் பெரிதாக எதுவும் செய்யாது. ஆனால் வீட்டுக்கும் டவருக்கும் நடுவில் யூக்கலிப்டஸ் தோப்பு இருந்தால், நனைந்த இலை காய்ந்த இலையைவிடக் கூடுதலாக சிக்னலை விழுங்கும். இன்னொன்று, மலையில் பல டவர்களுக்கு பைபர், அதாவது கண்ணாடி இழைக் கேபிள், போகவில்லை. டவரில் வட்ட வட்டமாகத் தெரியும் டிஷ்கள் வழியாக ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு மைக்ரோவேவில் தாண்டித்தான் போகிறது. அந்த அலைகள் பல கிகாஹெர்ட்ஸ் உயரத்தில் ஓடுவதால் பலத்த மழை அவற்றைப் பாதிக்கும். அடைமழையில் மட்டும் ஊர் முழுக்க ஒன்றாகத் தடுக்கிறது என்றால் இதுவாக இருக்கலாம். உங்களுடையது வானம் தெளிந்த இரவிலும் ஏறுகிறது என்றால் பனியை விட்டுவிடுங்கள்.

வெளி அன்டெனா பற்றிக் கேட்பீர்கள். ஒரே திசையைப் பார்க்கும் யாகி அல்லது லொக் பீரியோடிக் வகை, தெளிவில்லாத மேட்டு வீட்டுக்கும் பலமில்லாத பள்ளத்து வீட்டுக்கும் நன்றாக உதவும். டவரில் ஆள் கூடியதால் வரும் நெரிசலுக்கு உதவாது; வேறு டவரை நோக்கித் திருப்ப முடிந்தால் மட்டும் பலன் உண்டு. வாங்கும் முன் ரவுட்டரின் பின்னால் அன்டெனா துளை இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் கூடவே தரும் மெல்லிய ஆர்ஜி 58 கேபிளை 10 மீட்டர் இழுத்தால், அன்டெனா கூட்டிக் கொடுத்ததை அந்தக் கேபிளே தின்றுவிடும். கேபிளைக் குட்டையாக வைத்து, ரவுட்டரை அன்டெனாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள்; அங்கிருந்து கணினிக்கு லேன் கேபிள் இழுக்கலாம். கூரையில் குழாய் நட்டால் கரண்ட் வயரிலிருந்து தள்ளி நடுங்கள், எர்த் பண்ணுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரத்தில் இடி முழங்கத் தொடங்கியதும் அன்டெனா வயர், பவர், லேன் மூன்றையும் கழற்றிவிட வேண்டும். மெட்ச் பாதியில் என்று பார்க்காதீர்கள்.

இனி நம் கையில் இல்லாத தூரக் கணக்கு. கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அதாவது ஒவ்வொரு 100 கிலோமீட்டருக்கும் போய்வர 1 மில்லிசெக்கன். வலரண்ட் சேர்வர்கள் சிங்கப்பூரிலும் மும்பையிலும் இருக்கின்றன. கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,700 கிலோமீட்டர். 27க்குக் கீழே யாராலும் இறக்க முடியாது. மும்பை சுமார் 1,500, குறைந்தது 15. கடலடிக் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, அதன்மேல் 4ஜி-யே 30, 40 சேர்க்கும். ஆகவே உங்கள் பகல் 75 நல்ல எண்தான். 20 வேண்டும் என்று ஏங்க வேண்டாம்.

மும்பை கிட்ட இருப்பதால் எப்போதும் அங்கேதான் பிங் குறையும் என்றும் இல்லை. மாத்தறையில் கரையேறும் சீ-மீ-வீ 5 என்ற கடலடிக் கேபிள் சிங்கப்பூரைத் தொடுகிறது, இந்தியாவைத் தொடுவதில்லை. கொழும்பில் கரையேறும் சீ-மீ-வீ 4 இரண்டையும் தொடுகிறது. உங்கள் கம்பனி எந்த வழியில் அனுப்புகிறது என்பதைப் பொறுத்து, மும்பைக்குப் போகும் தகவல் சிங்கப்பூரைச் சுற்றிக்கொண்டும் போகலாம். வலரண்ட் லொபியில் இரண்டு சேர்வருக்கும் பிங் காட்டும். இரவில் பார்த்து, குறைந்ததை மட்டும் டிக் பண்ணுங்கள். இரண்டையும் டிக் பண்ணி விட்டால் கேம் தன் இஷ்டத்துக்குப் போடும்.

யூடியூபில் பார்த்துவிட்டுச் செய்யும் வேலைகளுக்கு நேரத்தை வீணாக்காதீர்கள். டிஎன்எஸ் மாற்றினால் பிங் குறையாது; அது சேர்வரின் முகவரியைத் தேடும்போது மட்டும்தான் வேலை செய்கிறது. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் நேகல் அல்கொரிதத்தை அணைப்பது டிசிபி என்ற தகவல் அனுப்பும் முறைக்கு. இந்தக் கேம்கள் ஆட்டத்தின்போது யூடிபி என்ற வேறு முறையில் ஓடுகின்றன. போர்ட் ஃபோர்வர்டிங் (வெளியிலிருந்து வரும் தொடர்பை நேரே உங்கள் கணினிக்குத் திருப்புவது) வீட்டு 4ஜி-யில் பெரும்பாலும் நடக்காது, ஏனென்றால் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பங்கு போட்டுத்தான் கம்பனிகள் தருகின்றன. விபிஎன் (உங்கள் தகவலை வேறொரு சேர்வர் வழியாக அனுப்பும் சேவை) மட்டும் ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் உதவும்: கம்பனியின் கடல்வழி சுற்றுவழியாக இருக்கும்போது. மற்ற நேரத்தில் அது கூடுதல் பாரம். இலவச நாட்களில் சோதித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பைபர் உங்கள் தோட்டம் வரை வந்தால் மறு யோசனை வேண்டாம், எடுங்கள். பழைய தொலைபேசிக் கம்பி ஏடிஎஸ்எல் என்றால், மழை நாளில் ரிசீவரைக் காதில் வைத்துப் பாருங்கள். கரகரவென்று கேட்டால் எங்கோ ஜொயின்டில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அந்த லைனில் கேம் ஆட முடியாது. ஸ்டார்லிங்க் 2025இல் நம் நாட்டுக்கு வந்திருக்கிறது. அதன் செய்மதிகள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுவதால், 35,786 கிலோமீட்டரில் நிற்கும் பழைய வகைச் செய்மதிகளைப் போல 500க்கு மேல் பிங் வராது, கேமுக்குத் தாங்கும். ஆனால் செலவு அதிகம், வானம் திறந்திருக்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் மலைச்சரிவும் மரமும் மறைத்தால் அவ்வப்போது அறுந்து அறுந்து வரும்.

டவர் நெரிசல்தான் என்று உறுதியானால் கம்பனிக்கு எழுதலாம். “ஸ்லோவாக இருக்கிறது” என்று சொன்னால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லி முடித்துவிடுவார்கள். செல் ஐடி, ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர், காலை பிங், இரவு பிங், நேரம் எல்லாவற்றையும் எழுதி, ரவுட்டர் வரை 1 மில்லிசெக்கன்தான் என்ற ஸ்க்ரீன்ஷொட்டையும் இணைத்து, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அதே டவரைப் பிடிக்கும் பக்கத்து லயத்துக் கூட்டாளிகளும் தனித்தனியாக அனுப்பினால் கவனிப்பார்கள். சரியான பதில் வராவிட்டால் அந்த இலக்கத்தோடு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

அன்டெனா வாங்கும் யோசனை இன்னும் இருந்தால், அதற்கு முன் ஒவ்வொரு ஜன்னலின் எஸ்ஐஎன்ஆர் எண்ணையும் ரவுட்டரின் மொடலையும் எனக்கு அனுப்புங்கள். வாங்குவதா வேண்டாமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.